மேலப்பருத்தியில் நிற்கும் வண்டி

நின்றுவிட்டது. ஆள் ஏறி இறங்க நிற்கிற நிற்றல் வேறு, இது வேறு, சக்கரம் கடைசியாக ஒரு முனகல் முனகி, ஃபேன் சத்தம் மட்டும் மிஞ்சி, பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்ப்பார்களே, அது. மெயின் லைனை விட்டு விலகும்போதே பெட்டி ஒரு பக்கமாக இடுப்பை ஒடித்தது, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, லூப் என்கிற பக்கத் தண்டவாளத்தில் போடுகிறார்கள், நம்மை ஓரமாக ஒதுக்கிவிட்டு எதிரே பெரிய ஆள் யாரோ வருகிறார். மேலப்பருத்தி என்று மஞ்சள் பலகை. ஒரு புங்க மரம், ஒரு குழாய், குழாயடியில் ஒரு நாய். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற பெயர்தான், என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார், இன்னிக்கு மேலப்பருத்தியில பாசஞ்சரைப் போட்டுட்டு எக்ஸ்பிரஸை விட்டேன் என்று, ரசம் ஊற்று என்று சொல்கிற அதே குரலில். நானும் ரசம் ஊற்றியிருக்கிறேன். போடுவது என்றால் என்ன என்று இன்றைக்குத்தான் உடம்புக்குத் தெரிகிறது, பட்டுப்புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ரவிக்கைக் கையில் வேர்வை வட்டம் போட்டுவிட்டது, மடியில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ சூடாகிக்கொண்டு வருகிறது. என் மகள் நித்திலாவின் தலைக்கு வைக்கப்போகிற பூ. பன்னிரண்டு மணிக்குள் வெள்ளூர் பதிவாளர் அலுவலகத்தில் நான் இருக்க வேண்டும், அந்தப் பதிவாளருக்கு இன்னொரு ஊரும் பொறுப்பாம், பன்னிரண்டு அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாராம். மாப்பிள்ளை பெலிக்ஸ் நாளைக்கு விமானம் ஏறிக் கப்பல் வேலைக்குப் போகிறான், திரும்பி வர ஒன்பது மாசம். சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வேண்டும், இரண்டு பேர் அவர்களுடைய சிநேகிதர்கள், மூன்றாவது இடத்துக்கு யாரையும் கூப்பிட மாட்டேன் என்கிறாள் என் மகள். நீ போட்டாத்தாம்மா அது கல்யாணம், இல்லேன்னா வெறும் ரிஜிஸ்டர், என்று போனில் சொன்னாள், அழாமல் சொன்னாள், அவள் அழாமல் பேசினால் எனக்குப் பயம். பத்தரைக்கெல்லாம் வந்து நிப்பேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்.

எந்தத் தைரியம் என்றால் அவருடைய தைரியம்தான். ரயில்வே கோட்ட அலுவலகத்தில், வெயில் தெரியாத ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பாதையில் ஓடுகிற அத்தனை வண்டியையும் நிறுத்துவதும் விடுவதும் என் வீட்டுக்காரர் வேலை. கன்ட்ரோலர் சிதம்பரநாதன். ஸ்டேஷன் மாஸ்டர்கள் போனில் வண்டி வந்த நேரம் சொல்வார்கள், இவர் முன்னால் பெரிய படம் விரிந்திருக்கும், வண்டி ஓடினால் சாய்வாகக் கோடு ஓடும், நின்றால் கோடு படுத்துக்கொள்ளும். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே கோடு போட்டுவிடுகிறதாம், ஆனாலும் இவர் பென்சிலை விடவில்லை, சட்டைப் பையில் எப்போதும் கூராகச் சீவியது ஒன்று இருக்கும், துவைக்கப் போடும்போது நான்தான் எடுத்து வைப்பேன். இந்த நிமிஷம் அந்தப் படத்தில் படுத்துக்கிடக்கிற ஒரு கோட்டுக்குள் நான் இருக்கிறேன். அவருக்குத் தெரியாது. தெரியுமோ? காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது அயர்ன் பாக்ஸைப் பார்த்தார். இன்னிக்கு வீட்லதானே என்றார். எங்க போறேன், வீட்லதான் என்றேன். அதை ஏன் கேட்டார், எப்போதும் கேட்கிறவர் இல்லையே, காபி டம்ளரை வைத்தால் செருப்பு, செருப்பைப் போட்டால் கேட் சத்தம், அவ்வளவுதான் அவருடைய காலை. அவர் டூட்டியில் உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்துக் கிளம்பினால் பிடிபட மாட்டோம் என்று கணக்குப் போட்டேன், நாற்காலியை விட்டு எழுந்து வர முடியாதில்லையா. எழுந்து வர வேண்டியதே இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே என்னைப் பிடித்து வைக்கலாம் என்பது இந்த மரமண்டைக்குத் தோன்றவே இல்லை.

எதிர்ச் சீட்டில் இருக்கிற பெண் வாய் ஓயவில்லை. பஞ்சவர்ணம் என்று பெயர், வெள்ளூரில் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடுகிற வேலை, தினமும் இதே வண்டி, யூனிபார்ம் சேலையில் பெயர் வில்லை குத்தியிருக்கிறாள், ஏறிய இரண்டாவது ஸ்டேஷனிலேயே என்னை அக்கா ஆக்கிக்கொண்டுவிட்டாள். "எவனோ ஒரு கட்டையில போறவன் ஏ.சி.ல உக்காந்துக்கிட்டு நம்ம வண்டியைப் பாத்துப் பாத்து நிறுத்துறான்க்கா. அவன் பொண்டாட்டி புள்ள இந்த வண்டியில ஒரு நாள் வந்தாத்தான் அவனுக்குத் தெரியும்" என்றாள். கன்னத்தில் சூடு ஏறியது எனக்கு. கட்டையில போறவன். என் புருஷனை நானே மனசுக்குள் என்னென்னவோ திட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னொருத்தி திட்டினால் மட்டும் ஏன் சுருக்கென்கிறது. "அவுங்க என்ன செய்வாங்கம்மா, ஒத்தை லைன், எதிர் வண்டி வந்து தாண்டினாத்தானே இது போக முடியும்" என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது, அவருக்கு வக்கீலாக நான். "அதெல்லாம் சரி, எக்ஸ்பிரஸ்காரன்தான் மனுசனா, நமக்கெல்லாம் சோலி இல்லையா" என்றாள். இந்த வண்டி கடைசியில சரியான நேரத்துக்குப் போய்ச் சேந்துரும்னு சொல்வாங்களே, என்று இழுத்தேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கேட்ட வார்த்தை அது, எங்க பாசஞ்சரா, என்னிக்கும் ரைட் டைம்தான் என்று இருபத்தைந்து வருஷமாகச் சொல்கிறார், நானும் அதை நம்பித்தான் பஸ்ஸை விட்டுவிட்டு இதில் ஏறினேன். பஞ்சவர்ணம் கையைத் தட்டிச் சிரித்தாள். "அது கடைசி ஸ்டேஷனுக்குக்கா! வெள்ளூர் தாண்டுனா கடைசி ஸ்டேஷன், நடந்தே போயிரலாம், அம்புட்டுத் தூரத்துக்கு முக்கா மணி நேரம் போட்டு வச்சிருக்கான். நடுவுல எங்க எம்புட்டு லேட்டானாலும் அந்த முக்கா மணியில கரைஞ்சு போயிரும். அங்க போயி நின்னுக்கிட்டு கரெக்ட் டைம்னு எழுதிக்கிருவான். நடுவுல எறங்குற நம்மளை யாரு கணக்குல எடுக்கா?"

இது எனக்கு ஏன் இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று. அவர் பொய் சொல்லவில்லை, அவர் பொய் சொல்கிற ஆளே இல்லை, அதுதான் அவரோடு பெரிய தொல்லை. ரைட் டைம் என்றால் அவருக்குக் கடைசி ஸ்டேஷன். நடுவில் என்ன ஆனாலும் கடைசியில் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர். வீட்டையும் அப்படித்தான் ஓட்டினார். நித்திலா நாலாம் வகுப்பில் ஆண்டு விழாவில் ஆடினாள், மயில் வேஷம், பிள்ளைகள் திரைக்குப் பின்னால் மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார், எங்கோ ஒரு சரக்கு வண்டி எஞ்சின் படுத்துவிட்டதாம். அவள் மயிலிறகைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அதைப் பத்திரமாக வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார் மனுஷன், அதையும் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் லூப்பில் கிடந்தவர்கள், பெரிய வண்டி போகட்டும், பெரிய வண்டி போகட்டும் என்று. கோபம் வந்து ஒரு தரம் இதையே அவர் முகத்துக்கு நேரே சொன்னேன், லூப்புல கெடக்குற வண்டியும் போகத்தான் செய்யும் மங்கை என்றார், நிஜமாகவே சமாதானம் சொல்கிறதாக நினைத்துக்கொண்டு. நாய் எழுந்து வேறு நிழலுக்குப் போகிறது. வண்டியிலிருந்து இறங்கி நான்கைந்து ஆண்கள் குழாயில் முகம் கழுவுகிறார்கள், ஒருத்தர் லுங்கி மாற்றிக்கொள்ளாத குறைதான், அவ்வளவு நிம்மதியாக நிற்கிறார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பையைத் திறந்து பார்க்கிறேன், ஆதார் அட்டை இருக்கிறது, நகல் இருக்கிறது, போட்டோ இருக்கிறது, எத்தனையாவது தரம் பார்க்கிறேன், எல்லாம் இருக்கிறது, நான்தான் அங்கே இல்லை.

பெலிக்ஸ் நல்ல பையன். கிறிஸ்தவப் பையன் என்பதில்கூட இவருக்குப் பெரிய வருத்தம் கிடையாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும், கோயிலா சர்ச்சா என்று ஒரு வார்த்தை பேசவில்லை. வாக்குதான் தகராறு. நாத்தனார் வீட்டுக்காரர் தவறிப்போன பதினாறாம் நாள், அழுதுகொண்டிருந்த தங்கையின் கையைப் பிடித்து, உன் மகனுக்கு என் மகதான், இது நான் சொன்ன சொல் என்றார், நித்திலா அப்போது எட்டாம் வகுப்பு, பக்கத்து அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சொன்ன சொல். வண்டிக்கு லைன் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான், இடையில் மாற்றினால் இரண்டு வண்டி மோதும், அந்தப் புத்தி இவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. போன மாசம் நாத்தனார் மகனே வீட்டுக்கு வந்தான், மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான், தங்கமான பிள்ளை. மாமா, அவளுக்குப் பிடிக்கலேன்னா எனக்கும் வேண்டாம் மாமா, நீங்க சங்கடப்படாதீங்க என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனான். கொடுத்த வாக்கை வாங்கிக்கொண்டவனே திருப்பிக் கொண்டுவந்து தந்துவிட்டான், இவர் கை நீட்டி வாங்கவில்லை. எட்டு மாசமாக மகளோடு பேச்சில்லை. அவள் போன் அடித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார், ஆனால் பேசி முடிக்கிற வரைக்கும் வாசலிலேயே நிற்பார், உள்ளே வர மாட்டார், தெருவுக்கும் போக மாட்டார். அவருக்குத் தெரிந்திருக்குமோ? வாசலில் நின்றால் காது கேட்காதா என்ன? வெள்ளூர் என்றேன் போனில், பன்னிரண்டு மணி என்றேன், அன்றைக்கும் வாசலில்தான் நின்றார். தெரிந்துதான் போட்டாரோ. என்னை இங்கே போட்டுவிட்டு, பதிவாளர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற வரைக்கும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ. அப்படி இருக்காது. சொந்த விஷயத்துக்காக ஒரு வண்டியை ஒரு நிமிஷம்கூட நிறுத்தினவர் இல்லை, விட்டவரும் இல்லை, அவருடைய அக்கா மகன் பரீட்சைக்குப் போகும்போதுகூட விடவில்லை. அவரிடத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டென்றால் அதுதான், அதையும் இன்றைக்குத் தொலைத்துவிட்டாரா, அதைத் தொலைத்திருந்தால் சாயங்காலம் போய் அந்த மனுஷனுக்குச் சோறு போட என்னால் முடியுமா. தெரிந்திருக்காது. தெரிந்தால்? தெரிந்திருக்காது. மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன்.

"அந்த எக்ஸ்பிரஸ் இன்னும் ரெண்டு ஸ்டேஷனுக்கு அங்கிட்டே கெடக்குதாம்க்கா" என்று பஞ்சவர்ணம் செல்போனை நீட்டுகிறாள். திரையில் ஒரு புள்ளி அசையாமல் இருக்கிறது. எனக்குப் பொட்டில் அடித்தது. எதிர் வண்டி அவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்றால் எங்களை அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் விட்டுவிட்டு அங்கே ஒதுக்கலாமே, நொச்சிப்பட்டியில்? இப்படித்தானே அவர் சாப்பிடும்போது சொல்வார், லேட்டான வண்டிக்காக இன்னொண்ணைக் கட்டிப்போட மாட்டேன், ஒரு ஸ்டேஷனாவது நகத்திருவேன் என்று. ஏன் நகர்த்தவில்லை இன்றைக்கு. ஏன்.  டூட்டியில் இருக்கும்போது கூப்பிடக் கூடாது, வீடு தீப்பிடித்தால் மட்டும் கூப்பிடு என்று சொல்லியிருக்கிறார், இதுவரைக்கும் நான் கூப்பிட்டதில்லை, நித்திலாவுக்குக் கையெலும்பு முறிந்தபோதுகூட நானே ஆட்டோ பிடித்துப் போனேன். கூப்பிட்டால் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும். கூப்பிடாவிட்டால் என் பிள்ளை அந்த வாசலில் நின்று பதிவாளரின் ஜீப் போகிறதைப் பார்ப்பாள். எனக்கு இரண்டும் வேண்டாம். மல்லிகையை அமுக்கிப் பார்க்கிறேன், துவண்டுவிட்டது. கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். "என்ன ஆச்சு? வீட்ல என்ன?" அவர் குரலில் அப்படியொரு பயத்தை நான் கேட்டதில்லை. "வீட்ல ஒண்ணும் இல்லீங்க. நான் உங்க வண்டியில இருக்கேன்" என்றேன். "எந்த வண்டியில?" "பாசஞ்சர்ல. மேலப்பருத்தியில போட்டு வச்சிருக்கீங்களே, அதுல."  பின்னால் யாரோ ஒரு ஸ்டேஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இன்னொரு போன் அடிக்கிறது. "நீ எப்படி அங்க?" என்றார். அந்தக் கேள்வியில் எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. அவ்வளவு நேரம் பயந்ததற்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நித்திலாவுக்கு இன்னிக்குக் கல்யாணங்க. வெள்ளூர் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. பன்னெண்டு மணிக்குள்ள நான் போயிக் கையெழுத்துப் போடணும். அதுக்கு மேல ரிஜிஸ்ட்ரார் இருக்க மாட்டார். பையன் நாளைக்குக் கப்பலுக்குப் போறான்." அவர் மூச்சு விடுவது கேட்டது. "உங்களைக் கேக்காம வந்தது தப்புன்னா வீட்ல வந்து திட்டுங்க. இப்ப எங்களை நொச்சிப்பட்டி வரைக்கும் விட்டுருங்க. எக்ஸ்பிரஸ் எங்கயோ கெடக்குதாம்ல, நீங்கதானே சொல்லுவீங்க, ஒரு ஸ்டேஷனாவது நகத்தணும்னு." "நொச்சிப்பட்டி லூப்புல சரக்கு நிக்குது மங்கை. அங்க விட்டா உன்னை எங்க வைக்கிறது? ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி நிக்கும்" என்றார். "எப்படியாவது..." "ஆகாது." "என்னங்க." "ஆகாதுன்னா ஆகாது." வைத்துவிட்டார்.

பஞ்சவர்ணத்தின் வாய் திறந்தபடி இருக்கிறது. "அக்கா... நிறுத்துறது உங்க வீட்டுக்காரரா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். "அய்யய்யோ, நான் பாட்டுக்குக் கட்டையில போறவன்னு..." என்று நாக்கைக் கடித்தவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்கே விடமாட்டேன்னுட்டாரா? அப்ப நாங்கள்லாம் எம்மாத்திரம்!" என்றாள், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கில் ஏறியது, அவளும் சிரித்தாள், தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் சொன்னது சரி. லூப்பில் சரக்கு நின்றால் எங்களை எங்கே வைப்பது. அவர் சொல்வது எப்போதுமே சரிதான், சரியாக இருந்து இருந்தே மனுஷனைக் கொல்வார். நான் கேட்டதற்காக விட்டிருந்தால் அது அவர் இல்லை. ஆனால் என் மகள் அங்கே நிற்கிறாளே. ஒரு வார்த்தை, அவளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அப்படியா என்றாவது சொல்லியிருக்கலாம், என்ன கலர் புடவை என்று கேட்டிருக்கலாம், பெற்ற அப்பன். நித்திலாவைக் கூப்பிட்டு வர முடியாது என்று எப்படிச் சொல்ல, வேறு யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்லு என்று எந்த வாயால் சொல்ல. கூப்பிட்டால் அவளுடைய போன் பிசி. மறுபடியும் பிசி. சிநேகிதர்களுக்குப் போன் போட்டு ஆள் தேடுகிறாள் போல, தேடட்டும், அதுதான் நல்லது, என் இடத்தில் யாரோ ஒரு பெண் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடட்டும். நினைத்த மாத்திரத்தில் வயிறு எரிகிறது. தண்டவாளம் அதிர ஆரம்பிக்கிறது, குழாயடியில் நின்றவர்கள் ஓடிவந்து ஏறுகிறார்கள், ஜன்னலை அடைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸ் வருகிறது, பெட்டி பெட்டியாகக் கறுப்புக் கண்ணாடி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை, தூசியும் சூடுமாக எங்கள் முகத்தில் அடித்துவிட்டுப் போகிறது. போய்த்தொலை என்று பஞ்சவர்ணம் கையை வீசினாள். எங்கள் வண்டி குலுங்கியது.

நகர ஆரம்பித்த பிறகுதான் போன் அடித்தது. நித்திலா. நான் வாயைத் திறப்பதற்குள், "அம்மா, அப்பா கூப்பிட்டாரும்மா" என்றாள். எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம். "யாரு?" "அப்பாம்மா. என் நம்பருக்கு. இப்பத்தான் வச்சாரு." "திட்டினாரா?" "இல்லம்மா." அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "உங்கம்மா வண்டி வெள்ளூருக்குப் பன்னெண்டு அஞ்சுக்கு வரும், அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆகாது, நான் பாத்துக்கறேன்னாரு. ஸ்டேஷன் வாசல்ல ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொன்னாரு. அப்புறம் போனை ரிஜிஸ்ட்ரார்கிட்ட குடுன்னாரும்மா. குடுத்தேன். பொண்ணோட அப்பா பேசறேன் சார், ஒரு கால்மணி நேரம் பொறுத்துக்கங்க, பொண்ணோட அம்மா வந்துக்கிட்டு இருக்கான்னு சொல்லியிருக்காரு. ரிஜிஸ்ட்ரார் எங்களைப் பாத்துச் சிரிச்சுட்டு உக்காந்துட்டாரும்மா." வண்டி வேகம் பிடிக்கிறது, நொச்சிப்பட்டியில் சரக்கு வண்டி நின்றுகொண்டிருக்கிறது, நீளமாக, அவர் சொன்ன இடத்தில், நாங்கள் நிற்காமல் மெயின் லைனில் தாண்டுகிறோம். "வேற ஒண்ணும் சொல்லலையா உங்கிட்ட?" என்று கேட்டேன். "வேற ஒண்ணும் சொல்லலம்மா. வச்சுட்டாரு" என்றாள்.  பிறகு என் மகள், இத்தனை நாளும் அழாமல் பேசிக்கொண்டிருந்தவள், விம்மலோடு கேட்டாள்: "வந்துருமாம்மா வண்டி?"

"வந்துரும்டி" என்றேன். "உங்கப்பா சொல்லிட்டாருல்ல."